மலைக் கல்லூரியில் சேர்ந்தால் மூளை ஆராய்ச்சி என்ன ஆகும்?

கேள்வி சுருக்கமாக இது. கேட்பவர் கோத்தகிரிப் பக்கத்துப் பெண். பெங்களூரில் சுண்டெலி மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் மின்முனை செருகி, நினைவு பற்றிய பிஎச்.டி.யை முடிக்கப் போகிறார். நீலகிரியில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. வெளிநாட்டில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி வாய்ப்பும் கையில் இருக்கிறது. இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சியும் செய்ய முடியுமா, அல்லது வேலையில் சேரும் நாளிலேயே ஆராய்ச்சிக்குப் பால் ஊற்றிவிட வேண்டியதுதானா என்று கேட்கிறார்.

நானும் பெங்களூரில்தான் பிஎச்.டி. முடித்தேன். பழ ஈயின் மோப்பம் என் தலைப்பு. பதினாறு ஆண்டுகளாக இந்த மலையில் விலங்கியல் நடத்துகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது நீங்கள் செய்துகொண்டிருக்கும் ஆராய்ச்சியை இங்கே தொடர முடியாது. சுண்டெலிக்கு அரசிடம் பதிவு பெற்ற விலங்குக்கூடம் வேண்டும், விலங்கு நெறிமுறைக் குழு வேண்டும், கால்நடை மருத்துவர் வேண்டும், ஆண்டு முழுவதும் மாறாத வெப்பநிலையும் வேண்டும். எங்கள் கல்லூரியில் ஆண்டு முழுவதும் மாறாமல் இருப்பது மணியடிக்கும் நேரம் மட்டும்தான். ஆகவே அந்தக் கருவியும் அந்த எலியும்தான் உங்கள் காதல் என்றால் யோசிக்காமல் விமானம் ஏறுங்கள். நினைவு என்ற கேள்விதான் காதல் என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

எல்லோரும் பணம் இல்லை என்றுதான் பயமுறுத்துவார்கள். பணத்தைவிடப் பெரிய பற்றாக்குறை நேரம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு; இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம். வாரம் 40 மணி நேர வேலை என்பது கணக்கு. கழித்துப் பார்த்தால் 24 மணி நேரம் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றும். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டு வந்தேன். அந்த 24இல் பாடத் தயாரிப்பு, ரெக்கார்டு நோட்டு திருத்துவது, உள்மதிப்பீட்டுத் தேர்வு, மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றுவது, சேர்க்கைக் குழு, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான குழு, தேர்வுக் கண்காணிப்பு, விடைத்தாள் திருத்தக் கோயம்புத்தூருக்கு இறங்குவது எல்லாம் அடங்கும். முதல் ஆண்டில் எனக்கு ஆராய்ச்சிக்குக் கிடைத்தது சனிக்கிழமை மதியம். அதிலும் பாதிச் சனிக்கிழமைகளில் மின்சாரம் இல்லை.

இன்னொரு தடை மலைக்கே உரியது. பெங்களூரில் இரவு பதினொரு மணிக்கு ஆய்வகத்தில் விளக்கு எரியும். இங்கே மாணவர்களுக்கு ஊர் திரும்பக் கடைசி பஸ் உண்டு; அதைவிட்டால் மறுநாள்தான். பஸ் இறங்கியபின் தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்க வேண்டிய பிள்ளைகள் பலர். பொழுது சாய்ந்தால் அந்தப் பாதையில் காட்டெருமை நிற்கும், சில நாள் கரடி நிற்கும். மாலை நாலரை மணிக்கு மேல் ஒரு மாணவியை ஆய்வகத்தில் நிறுத்திவைக்க எனக்கு மனம் வராது. எனவே இங்கே நடக்கும் எந்தச் சோதனையும் மூன்று மணி நேர செய்முறை வகுப்புக்குள் தொடங்கி முடிய வேண்டும். இதை ஒரு குறையாக நினைத்துப் பல ஆண்டுகள் புலம்பினேன். பிறகு இதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

என் முதல் மூன்று ஆண்டுகள் வீண். எப்படி வீணாயின என்பதைச் சொன்னால் உங்களுக்கு மூன்று ஆண்டுகள் மிச்சமாகும். பெங்களூர் ஆய்வகத்தை அப்படியே சுருக்கி இங்கே கொண்டுவரப் பார்த்தேன். நரம்பணுவுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதை ஒளியாகப் படம்பிடிப்பது என் பிஎச்.டி. வேலை. அதற்கான நுண்ணோக்கி இல்லை. சரி, இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்று பழைய ஒளிர்வு நுண்ணோக்கி ஒன்றைக் கெஞ்சி வாங்கினேன். அடுத்த பருவமழையில் அதன் லென்ஸில் பூஞ்சை படர்ந்தது. சிலந்திவலைபோல, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மலைக்காரர்களுக்கு இது தெரியும். கேமரா வைத்திருப்பவர்கள் அரிசி டப்பாவில் போட்டு வைப்பார்கள், பீரோவுக்குள் பல்பு எரிய விடுவார்கள். எனக்கு மட்டும் தெரியவில்லை. நீங்கள் வந்ததும் முதலில் வாங்க வேண்டியது சிலிக்கா ஜெல்.

ஈ வளர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. பழ ஈ 25 டிகிரியில் முட்டையிலிருந்து முழு ஈயாகப் பத்து நாளாகும். 18 டிகிரியில் ஏறக்குறைய இரு மடங்கு, பத்தொன்பது இருபது நாள். பெங்களூரில் பருவத்துக்கு ஆறேழு தலைமுறை பார்த்தவள் இங்கே மூன்றுக்கே திண்டாடினேன். தெர்மோகோல் பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பும் வெப்பநிலை பார்த்து அதை அணைத்து எரிக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் வைத்துச் சமாளித்தோம். டிசம்பர் மாதக் காலை ஒன்றில் பல்பு ஃபியூஸ் போயிருந்தது. பெட்டியைத் திறந்தால் குப்பியின் அடியில் ஈக்கள் எல்லாம் கால் விறைத்துக் கிடந்தன. ஒரு வேலை மொத்தமாகப் போயிற்று என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். குப்பியைக் கொட்டப் போன இரண்டாமாண்டு மாணவி திரும்பி வந்து, “மேடம், வெயிலில் வைத்தேன், எழுந்திருக்கின்றன. ஆனால் எல்லாம் ஒன்றாக எழுந்திருக்கவில்லை” என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு வேலை கொடுத்தது.

பூச்சியைக் குளிரில் வைத்தால் அது உறைந்து போவதற்கு முன்பே மயங்கிவிடும். வெப்பம் குறையக் குறைய உடலின் அயனிச் சமநிலை குலைகிறது. நரம்பு மண்டலத்தில் அணுக்களுக்கு வெளியே பொட்டாசியம் திடீரென்று பெருகி, மின்னோட்ட அலை ஒன்று பரவி, அதன்பின் நரம்பணுக்கள் வாயடைத்துப் போகின்றன. இதைக் குளிர் மயக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் திரும்பியதும் அயனிகள் பழைய இடத்துக்கு இறைக்கப்படுகின்றன. ஈ காலை உதைத்து எழுகிறது. எழ எத்தனை நிமிடம் என்பது ஈக்கு ஈ மாறும், ஊருக்கு ஊர் மாறும், வளர்ந்த வெப்பநிலைக்கு ஏற்பவும் மாறும். மனித மூளையில் ஒற்றைத் தலைவலியின்போதும் பக்கவாதத்தின்போதும் பரவும் அலைக்கு இது உறவுமுறை. ஆக, நரம்பியலின் மையத்திலேயே இருக்கும் ஒரு கேள்வியை ஐஸ், குப்பி, கைக்கடிகாரம் மூன்றையும் வைத்து, மூன்று மணி நேரத்துக்குள் கேட்கலாம்.

இதற்கு ஏற்ற இடம் இந்த மலை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். குன்னூர் 1,850 மீட்டர் அளவில் இருக்கிறது. உதகை 2,240 மீட்டர். பஸ்ஸில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் வெப்பமண்டலத்திலிருந்து குளிர்நாட்டுக்கு வந்துவிடுகிறோம். வழியில் கல்லாறு, பர்லியாறு என்று அரசுப் பழப்பண்ணைகள். பலா, மங்குஸ்தான் அழுகிக் கிடக்கும் காலத்தில் ஈக்குப் பஞ்சமே இல்லை. குன்னூரில் பேரிக்காயும் பிளம்ஸும். உதகையில் சந்தைக் கழிவு. பண்ணை அலுவலரிடம் சொல்லி அனுமதி பெற்று, வாழைப்பழம் போட்ட குப்பியை வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் போதும். காப்புக்காட்டுக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. வைத்தால் வனத்துறை அனுமதிக்கு அலைய வேண்டும், அதை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மாணவர்களில் சிலர் தினமும் இந்த மலைப்பாதையில்தான் வருகிறார்கள். எங்கள் முதல் மாதிரிச் சேகரிப்பின் மொத்தச் செலவு பஸ் டிக்கெட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும்.

முதல் ஆண்டுத் தரவு முழுவதையும் தூக்கி எறிந்தேன். காரணம் ஈ அல்ல, நாங்கள். ‘எழுந்தது’ என்றால் என்ன என்பதில் இருபது பேருக்கு இருபது கருத்து. ஒருவன் கால் அசைந்ததும் நேரம் குறித்தான். ஒருத்தி பறக்கும் வரை காத்திருந்தாள். இரண்டாம் ஆண்டு ஆறு காலிலும் நின்றால்தான் எழுந்ததாகக் கணக்கு என்று முடிவு செய்தோம். எந்தக் குப்பி எந்த ஊர் என்று நேரம் பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது. அலைபேசியில் காணொளி எடுத்து இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும். அதோடு, உயரமான ஊர் ஈ சீக்கிரம் எழுந்தால் அது பிறவிக்குணமா, குளிரில் வளர்ந்த பழக்கமா என்று பிரிக்க, எல்லா ஊர் ஈயையும் ஒரே வெப்பத்தில் இரண்டு தலைமுறை வளர்த்த பிறகே சோதிக்க வேண்டும். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் பாடமாக நடத்தியிருந்தால் தூங்கியிருப்பார்கள். தங்கள் ஒரு ஆண்டு உழைப்பு குப்பைக்குப் போனதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

முதல் கட்டுரை வெளிவர ஆறு ஆண்டுகள் ஆயின. உங்கள் பெங்களூர் நண்பர்கள் அதற்குள் நாலைந்து வெளியிட்டிருப்பார்கள். இந்த ஒப்பீடு வலிக்கும், எனக்கும் வலித்தது. வலிக்கிறதே என்று காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் ஆய்விதழ்களின் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். பதவி உயர்வுக் கோப்பு தடிமனாகும். ஆனால் பின்னால் ஒருநாள் உங்கள் மாணவி அதைத் தேடிப் படிப்பாள்.

இனி கற்பித்தல். நரம்பியல் என்று தனித் துறை இங்கே இருக்காது. விலங்கு உடலியங்கியல் தாளில் நரம்பு ஒரு அலகு. செல் உயிரியல், மரபியல், சில ஆண்டுகளில் பொருளாதார விலங்கியல்கூட உங்கள் தலையில் விழும். பட்டுப்புழு வளர்ப்பும் நடத்த வேண்டிவரும். அந்த ஒரு அலகை நடத்தும்போதுதான் தமிழில் ‘நரம்பு’ என்ற சொல் எவ்வளவு வேலை செய்கிறது என்பது புரிந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், “நரம்பே கிடைக்கவில்லை” என்று ஊசி குத்துவது இரத்தக் குழாயில். இலையில் ஓடுவதும் நரம்பு. யாழில் கட்டுவதும் நரம்பு. கெண்டைக்காலில் பிடித்துக்கொள்வதும் ஊர்ப்பேச்சில் நரம்புதான். ஆகவே முதல் வகுப்பில் ‘நரம்பு வழியாக என்ன போகிறது?’ என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் இரத்தம் என்பார்கள். அவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. வேறொரு நரம்பைச் சொல்கிறார்கள். நான் இப்போது அந்த நாலு நரம்பையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறேன். ஒருமுறை ஒரு பையன், “அப்படியானால் தொட்டாற்சிணுங்கியின் இலை நரம்பில் நம்முடைய நரம்பில் போவது போகிறதா?” என்று கேட்டான். மின் துடிப்பு போகத்தான் செய்கிறது, நரம்பணு இல்லாமலே. அன்று நடத்த வேண்டியிருந்த பகுதியை நான் நடத்தவில்லை.

நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை நடத்த எனக்கு ஒரு வழி கிடைத்தது; அதுவும் இந்த மலையிலேயே. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, வெறிநோய்க் கிருமியை ஆட்டு மூளையில் வளர்த்து, செயலிழக்கச் செய்து எடுத்த தடுப்பூசியை. இமாசலப் பிரதேசத்துக் கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய முறை அது. குன்னூரிலும் பல காலம் ஆட்டு மூளைத் தடுப்பூசிதான் தயாரானது. அந்த ஊசியோடு ஆட்டின் மயலினும் உடலுக்குள் போகும். சிலருக்கு உடலின் எதிர்ப்பு ஆற்றல் அந்த மயலினை எதிரியாக அடையாளம் கண்டு, பிறகு தன் சொந்த நரம்பின் மயலினையே தாக்கி, கைகால் விழுந்துவிடும். இந்தியாவில் 2004 டிசம்பரில் அந்த ஊசியின் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே குன்னூர் நிறுவனம் மூளைத் திசு இல்லாமல், வீரோ என்ற ஆய்வக செல்வகையில் வளர்க்கும் தடுப்பூசிக்கு மாறிவிட்டிருந்தது. மயலின் என்றால் கம்பிக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை என்று எந்தப் புத்தகமும் சொல்லும். பாட்டிக்குப் போட்ட ஊசியின் கதையாகச் சொன்னால், வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடமே கேட்டுவிட்டு மறுநாள் வருகிறார்கள். கூடுதல் தகவலோடு வருகிறார்கள்.

2014இல் இளநிலை விலங்கியல் வகுப்புகளில் விலங்கை அறுப்பதை நிறுத்தச் சொல்லி யு.ஜி.சி. உத்தரவிட்டபோது, செய்முறை வகுப்பே போய்விட்டது என்று துறையில் பலர் வருந்தினார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், இழந்த கையில் வலிப்பதாகச் சொன்ன நோயாளிகளுக்கு ஒரு கண்ணாடியையும் பெட்டியையும் வைத்துத்தான் புது வழி காட்டினார். அந்தக் கண்ணாடிப் பெட்டியை என் மாணவர்கள் அட்டையில் செய்துவிடுவார்கள். படுகு, தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழி பேசும் பிள்ளைகளை வைத்து, நிறத்தின் பெயரை வேறு நிற மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லக் கேட்கும் சோதனையையும் செய்கிறோம். இலவச மென்பொருள் சைக்கோபை போதும். படுகுக்குத் தமிழ் எழுத்தைப் பயன்படுத்துவதா, கன்னட எழுத்தையா என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. அந்தச் சண்டையே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி. ஆளை வைத்துச் செய்யும்போது ஒப்புதல் படிவமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கட்டாயம். வகுப்புப் பிள்ளைகள்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கருவியே இல்லாமல் செய்யக்கூடிய வேலையும் இப்போது பெருகியிருக்கிறது. 2024 அக்டோபரில் வெளியான ஃப்ளைவயர் வரைபடத்தில் ஒரு பெண் ஈயின் முழு மூளை இருக்கிறது: 1,39,255 நரம்பணுக்கள், ஏறத்தாழ 5 கோடி இணைப்புகள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம், மனிதக் கருவின் மூளையை 5,132 வெட்டுத் துண்டுகளாகப் படமெடுத்து, ‘தரணி’ என்ற பெயரில் இலவசமாக இணையத்தில் வைத்தது. கல்லாற்றில் குப்பியில் ஈ பிடித்த பெண், அதே வகை ஈயின் குளிர் உணரும் நரம்பணு எங்கே தொடங்கி எங்கே போய் முடிகிறது என்று மடிக்கணினியில் தேடுகிறாள். இணையம் விட்டுவிட்டு வரும். அதற்கு நான் பொறுப்பல்ல. உங்கள் ஹிப்போகேம்பஸ் பதிவுகள் இருக்கின்றன அல்லவா? பெங்களூரை விட்டு வருமுன் வழிகாட்டியுடன் பேசி, பகுப்பாய்வு செய்யாமல் கிடக்கும் தரவில் ஒரு பகுதியை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்கு அது உங்களைத் தாங்கும். நான் கேட்க வெட்கப்பட்டேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பாக இருந்த எஸ்.இ.ஆர்.பி., ஆசிரியர்களுக்கென்று கொண்டுவந்த டேர் என்ற திட்டம், ஆண்டுக்கு மூன்று மாதம் வரை பெரிய நிறுவனம் ஒன்றில் போய் வேலை செய்ய, மூன்று ஆண்டுகளுக்கு உதவியது. இப்போது எஸ்.இ.ஆர்.பி.யின் இடத்தில், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் அறிவிப்புகளை விடாமல் பாருங்கள். மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை, மாணவருக்கும் உண்டு, ஆசிரியருக்கும் உண்டு. மே மாதம் ஊரே இ-பாஸ் எடுத்துக்கொண்டு மலையேறும்போது நானும் இரண்டு மாணவிகளும் எதிர்த்திசையில் இறங்குவோம். பிஎச்.டி. மாணவர் கிடைப்பார் என்ற நினைப்பை மட்டும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். இளநிலை மட்டும் உள்ள துறைக்கு அது எளிதில் வாய்க்காது. உங்கள் கூட்டாளிகள் பத்தொன்பது வயதுக்காரர்கள், மூன்றாண்டில் போய்விடுவார்கள். அவர்கள் கையெழுத்தில் இருக்கும் குறிப்பேடுகள்தான் உங்கள் ஆய்வகம். எனவே குறிப்பேட்டைக் கல்லூரிக்கு வெளியே விடக்கூடாது என்ற ஒரு சட்டத்தில் மட்டும் நான் கொடுங்கோலி.

அமெரிக்காவில் இளநிலைக் கல்லூரிகளில் இதெல்லாம் சுலபம் என்று எழுதியிருந்தீர்கள். சுலபம் என்று சொல்ல மாட்டேன். அங்கே அதை ஒரு தனித் தொழிலாக மதிக்கிறார்கள். இளநிலை மாணவருக்கு நரம்பியல் நடத்துவோருக்கென்று 1991 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. 2002 முதல் அவர்களுக்கென்று ஓர் ஆய்விதழ் வருகிறது. இளநிலை நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கென்று அரசு அறிவியல் அறக்கட்டளை தனி விண்ணப்பப் பிரிவு வைத்திருக்கிறது. அந்த ஆய்விதழை இலவசமாகப் படிக்கலாம். அதில் வரும் செய்முறைகளில் பாதியை இங்கே செய்துவிடலாம். போஸ்ட்டாக் போனாலும் அப்படிப்பட்ட கல்லூரி ஒன்றில் ஒரு பருவமாவது பாடம் எடுத்துப் பாருங்கள். வாரம் 16 மணி நேரம் பேச உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். பிடிக்காதவர்கள் இந்த வேலைக்கு வந்து, மாணவரையும் வெறுத்து, தன்னையும் வெறுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சி கிடைக்காததைவிட மோசமான நிலை அது.

பெற்றோருக்கு வயதாகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை ஏதோ பலவீனம்போல அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தீர்கள். அது ஒரு காரணம்தான். முழுக் காரணமாகவே இருக்கலாம். அதை அடைப்புக்குறியிலிருந்து வெளியே எடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சேர்வதாக இருந்தால், ஆணையில் கையெழுத்துப் போடுமுன் முதல்வரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு முழுநாள் வகுப்பில்லாமல் கால அட்டவணை போட முடியுமா? முடியும், எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. பூட்டு உள்ள ஓர் அறை, சின்னதாக இருந்தாலும், கிடைக்குமா? அந்த அறைக்கு இன்வெர்ட்டர் இணைப்பு உண்டா? நாலாவதாக நுண்ணோக்கி கேட்காதீர்கள். அதைக் கேட்டால் முதல் மூன்றும் போய்விடும்.

ஈ வளர்ப்பதாக இருந்தால் பெங்களூரிலிருந்து குப்பி சுமந்து வர வேண்டாம். ஐந்து ஊர் ஈயும் எங்களிடம் தனித்தனியே இருக்கிறது. ஜூன் மாதம் வாருங்கள், ஊருக்கு ஒரு குப்பி தருகிறேன். பல்பு மட்டும் இரண்டு வாங்கி வையுங்கள்.